பழைய மோட்டார் வண்டியின் பிரேக் உதறல்: காரணம் கண்டறியும் முறை

விளைந்த பொருள் சந்தை சேரும் வரையில் குடியானவரின் வேலை முடிந்ததாகாது. மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, குளச்சல் முதலிய கடலோரக் கிராமங்களில் முற்காலத்தில் தேங்காயும் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் காளை வண்டியிலும் தலைச்சுமையாகவும் திங்கள்சந்தைக்குச் சென்றன. இக்காலத்தில் அவ்வேலையை மோட்டார் வண்டிகள் செய்கின்றன. இவற்றுள் புதியன பல இருப்பினும், முப்பது நாற்பது ஆண்டு உழைத்த ஜீப்புகளும் சிறு சுமை வண்டிகளும் இன்னும் விளைகளில் நின்று பணி செய்து வருகின்றன. காளையின் குளம்பில் புண் கண்டால் அதைக் கவனியாமல் ஏர் பூட்டுவோர் இல்லை. ஆனால் வண்டியின் பிரேக்கில் கோளாறு கண்டால், “இன்னும் நாலு நடை போகட்டும்” என்று ஒத்திப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. அவ்வாறு ஒத்திப் போடப்படும் கோளாறுகளுள் ஒன்றாகிய பிரேக் உதறலைப் பற்றியும், அதன் உண்மையான காரணத்தைக் கண்டறியும் வகை பற்றியும் இங்கே விவரிக்கப்படுகிறது.

வண்டி ஓடுங்கால் யாதொரு தொல்லையும் இராது. பிரேக் மிதியை அழுத்தியவுடன் ஸ்டியரிங் சக்கரம் கைக்குள் துடிக்கும்; அல்லது மிதி காலைத் தட்டித் தட்டித் தள்ளும்; அல்லது இருக்கையும் தரையும் அதிரும். வேகம் குறையக் குறைய அதிர்ச்சியின் தாளமும் மெதுவாகி, வண்டி நிற்கும்போது அடங்கிவிடும். இதுவே உதறல். வண்டி ஒரு பக்கமாக இழுப்பது வேறு, பிரேக் கிறீச்சென்று கத்துவது வேறு. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பட்டறைக்குப் போனால் செலவு கூடுமேயன்றிக் குணம் ஏற்படாது.

உதறலினால் என்ன அபாயம் என்று சிலர் கேட்பதுண்டு. பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது என்பது அவர்கள் வாதம். அபாயம் ஓட்டுநரின் காலில் இருக்கிறது. மிதி உதைக்க உதைக்க அவர் தம்மை அறியாமலே அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, உலர்ந்த தார்ச்சாலையில் நன்றாக அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ 19 மீட்டருக்குள் நின்றுவிடும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் அதே வண்டிக்கு 38 மீட்டர் வேண்டும். மாசிக் கொடை நாட்களில் மண்டைக்காட்டுச் சாலையில் குழந்தைகளுடன் நடந்து வரும் ஜனத்திரளை நினைத்துப் பார்த்தால், இடைப்பட்ட அந்த 19 மீட்டரின் மதிப்பு விளங்கும். தேங்காய்ச் சுமையின் மேல் உட்கார்ந்து வரும் வேலையாட்களையும் மறத்தல் ஆகாது. சுமையின்மேல் ஆட்களை ஏற்றுவதே தவறு. உதறும் பிரேக்குடன் ஏற்றுவது இரட்டைத் தவறு.

உதறல் எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காளை வண்டிச் சக்கரத்தைக் கொண்டே அறியலாம். வட்டை ஓரிடத்தில் தேய்ந்தோ வீங்கியோ இருக்கும் சக்கரத்தின்மீது ஒரு கட்டையை வைத்து அழுத்தினால், சக்கரம் சுற்றும்தோறும் அந்த இடம் வந்தவுடன் கட்டை எற்றப்படும். மோட்டார் வண்டியின் டிரம்முக்குள் பிறை வடிவான இரண்டு ஷூக்கள் உள்ளிருந்து வெளியே விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. டிரம் சுத்த வட்டமாயிருந்தால் அழுத்தம் ஒரே சீராக இருக்கும். முட்டை வடிவமாகக் கோணியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஷூக்கள் இருமுறை நெருக்குண்டு இருமுறை தளரும். அந்த நெருக்கம் பிரேக் ஆயில் வழியாக மிதிக்கும் வந்து சேரும். பழைய ஜீப்பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். ஆகவே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 5 தடவை சுற்றுகிறது; முட்டை வடிவ டிரம் நொடிக்கு 10 தடவை உதைக்கிறது. வேகம் மாறினால் தாளமும் மாறுவதன் காரணம் இதுவே. வேகத்தோடு தாளம் மாறுமானால் குற்றம் சுழலும் உறுப்பில் உள்ளது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இதில் வெப்பத்தின் பங்கும் சிறிதன்று. வண்டியும் சுமையுமாக 2,000 கிலோ எடை, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதற்குள் பிரேக்குகளில் ஏறத்தாழ 2,78,000 ஜூல் வெப்பம் பிறக்கிறது. சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர இது போதும். ஏற்றமும் இறக்கமுமான கல்குளம் பகுதிச் சாலைகளில் அடிக்கடி பிரேக்கிட்டுச் செல்லும்போது இவ்வெப்பம் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேருகிறது. சூடான இரும்பு, சமமாகக் குளிராவிடில் கோணும் என்பது கொல்லனுக்குத் தெரிந்த விஷயம்.

இனி, காரணம் காணும் முறையை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம். மண்டைக்காட்டில் கடலுக்கு அருகே தென்னை விளை உடைய ஒரு குடியானவரிடம் பழைய ஜீப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தேங்காய் வெட்டு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை. அந்நாட்களில் வண்டி ஓயாமல் ஓடும், மற்ற நாட்களில் தென்னை நிழலில் நிற்கும். ஒரு வெட்டின்போது உதறல் கண்டது. முதலில் ஷூ லைனிங் மாற்றப்பட்டது, குணமில்லை. பிறகு முன்சக்கரத்து டிரம்கள் இரண்டும் லேத்தில் கடையப்பட்டன, உதறல் நீங்கிற்று. அடுத்த வெட்டின் நடுவே அதே உதறல் மறுபடியும் தோன்றியது. “இன்னொரு தடவை கடைந்துவிடலாம்” என்கிறார் ஒருவர். “புது டிரம் போடாமல் தீராது” என்கிறார் இன்னொருவர். “ஸ்டியரிங் பெட்டியே போய்விட்டது” என்கிறார் மூன்றாமவர். குடியானவர் யார் சொல்லைக் கேட்பது?

எவர் சொல்லையும் கேட்பதற்கு முன் வண்டியையே கேட்க வேண்டும். விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத நேரான சமதளச் சாலையில், சுமையின்றி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதே ஸ்டியரிங் ஆடுமாயின் டயரோ ரிம்மோ சக்கரத்தின் எடைச் சமமின்மையோ காரணம். பிரேக்கின்மேல் பழி போடுவது பிழை. பள்ளத்தில் ஏறி இறங்கியவுடன் முன்சக்கரங்கள் வெறி பிடித்தாற்போல் ஆடினால் அது கிங்பின், டைராட் முதலியவற்றின் தளர்ச்சி. பழைய ஜீப்புகளுக்கு இக்குணம் அதிகம் உண்டு. நமது உதாரண வண்டியில் இவையொன்றும் இல்லை. பிரேக்கைத் தொடும் வரை அமைதியாக ஓடுகிறது.

பின்னர் அதே வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக்கிட்டுப் பார்க்க வேண்டும். கையில் ஸ்டியரிங் துடித்தால் முன்சக்கரத்தையும், ஸ்டியரிங் அமைதியாயிருக்க இருக்கையின் அடியில் அதிர்ந்தால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். இது எப்போதும் தப்பாத விதியன்று. சட்டத்தின் வழியாக அதிர்ச்சி இடம் மாறித் தோன்றுவதும் உண்டு. ஆயினும் பத்துத் தடவையில் பெரும்பாலான தடவை சரியாக வழி காட்டும். முதல் இரண்டு மூன்று பிரேக்குகளில் மட்டும் உதறிப் பின்பு மறைகிறதா, அல்லது குளிர்ந்திருக்கையில் இல்லாமல் சூடேறியபின் தோன்றுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னதற்குத் துருவும், பின்னதற்கு வெப்பத்தால் கோணும் டிரம்மும் வழக்கமான காரணங்கள்.

பின்சக்கரத்தைச் சோதிக்கக் கை பிரேக்கை மெல்ல இழுத்துப் பார்க்கும்படி மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. கை பிரேக் கேபிள் பின் டிரம்களுக்குச் செல்லும் வண்டிகளில் இது நல்ல சோதனை. காலியான சாலையில், மெதுவான வேகத்தில், விடுவிக்கும் பொத்தானைப் பிடித்தபடியே செய்ய வேண்டும். ஆனால் வில்லிஸ் வகையைச் சேர்ந்த பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாப்டின்மேல் உள்ள தனி டிரம்மில் இருக்கிறது. ஓடும் வண்டியில் அதை இழுத்தால் பின் டிரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஷாப்டுக்கும் டிபரென்ஷியலுக்கும் கேடுதான் விளையும். மகிந்திரா கம்பெனியார் 1947ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபின் பல மாதிரிகள் வந்துவிட்டன. ஆகவே தம் வண்டியில் கை பிரேக் எங்கே இருக்கிறது என்று கீழே குனிந்து பார்த்துவிட்டே சோதனையில் இறங்க வேண்டும்.

நமது உதாரண வண்டியில் ஸ்டியரிங்கும் துடிக்கிறது, மிதியும் உதைக்கிறது. குளிரிலும் சூட்டிலும் ஒரே விதம். ஆகவே முன்சக்கரம், டிரம்மின் வட்டம் என்ற அளவுக்குத் தேடல் சுருங்கிவிட்டது. இதுவரை ஒரு காசும் செலவாகவில்லை.

அடுத்தது ஜாக்கி வேலை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவோரை எவ்வளவு கண்டித்தாலும் தகும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க, ஆட்டம் இருந்தால் அது ஹப் பேரிங்கிலா கிங்பின்னிலா என்ற கேள்வி எழும். இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. ஒருவர் பிரேக் மிதியை அழுத்திக்கொண்டிருக்க மற்றவர் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் தளர்ச்சி பேரிங்கில், மறையாவிட்டால் கிங்பின்னில். பிரேக்கிட்டவுடன் சக்கரமும் பின்தகடும் ஒன்றாய்க் கட்டுண்டு போவதே இதற்குக் காரணம். சக்கரத்தை இடமும் வலமுமாக ஆட்டினால் டைராட் முனைகளின் நிலை தெரியும். வில்பட்டையை அச்சுடன் இறுக்கும் யூ போல்ட்டுகளின் அடியில் துருத்தூள் செம்மையாகக் கசிந்திருந்தால் அங்கே அசைவு உண்டு என்று அறிக. இவ்வகைத் தளர்ச்சிகள் தாமே உதறலைத் தோற்றுவிப்பதைக் காட்டிலும், டிரம்மிலுள்ள சிறு குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதே அதிகம். டிரம்மைச் சரிசெய்தும் “கொஞ்சம் உதறுகிறது” என்று குறை கூறப்படும் வண்டிகளில் இவற்றையே பார்க்க வேண்டும்.

டிரம்மின் வட்டத்தைக் கிராமத்திலேயே சோதிக்கலாம். பின்தகட்டின் வெளிப்புறத்திலுள்ள அட்ஜஸ்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஷூ டிரம்மை இலேசாகத் தொடும் நிலையில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றவும். உராய்வு ஒலி ஒரே சீராய் இருந்தால் டிரம் வட்டம். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில், அதுவும் எதிரெதிராக, உராய்ந்து விடுபட்டால் முட்டை வடிவம். ஒரே இடத்தில் மட்டும் உராய்ந்தால் டிரம் மையம் விலகிப் பொருந்தியிருக்கிறது. உராயும் இடங்களை டயரின்மேல் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்ததும் அட்ஜஸ்டரைப் பழைய நிலைக்குத் திருப்ப மறத்தல் கூடாது. பட்டறையில் டயல் கேஜ் இருந்தால் அளவே கிடைக்கும். கேஜ் இல்லாத இடத்தில் காது போதும்.

உதாரண வண்டியின் வலது முன்சக்கரம் சீராகச் சுற்றுகிறது. இடது முன்சக்கரம் எதிரெதிராக இரண்டு இடத்தில் உராய்கிறது. சென்ற வெட்டுக்கு முன்புதான் லேத்தில் சுத்த வட்டமாகக் கடைந்த டிரம் அது. வலது டிரம் வட்டமாகவே இருக்க, இடது டிரம் மட்டும் கோணியது எவ்வாறு?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கோணல் கண்டவுடன் டிரம்மைக் கழற்றி மறுபடியும் லேத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்குமுன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: கடைந்து மாட்டியபின், உதறல் தோன்றுவதற்கு முன், அச்சக்கரத்தில் கை வைத்தவர் யார்? குடியானவர் சற்று யோசித்தால் நினைவுக்கு வரும். தேங்காயுடன் தக்கலை போகும் வழியில் இடது முன் டயர் பஞ்சராயிற்று. சாலையோரத்தில் ஒரு பையன் சக்கரத்தைக் கழற்றினான். இவ்வகைப் பழைய ஜீப்புகள் சிலவற்றில் இடப்புறச் சக்கர நட்டுகள் எதிர்மரை உடையவை. வழக்கமான திசைக்கு மாறாகத் திருப்பினால்தான் கழலும். அதை அறியாத பையன், கழற்றுவதாக எண்ணி ஸ்பேனரில் குழாயைச் செருகித் தன் முழுப் பலத்தையும் கொடுத்து இரண்டு நட்டுகளை மேலும் இறுக்கிவிட்டான். ஸ்டட்டுகள் இரண்டு நீண்டு போயின. திரும்ப மாட்டுகையில் அவ்விரண்டும் ஒடிந்துவிடுமோ என்று பயந்து இலேசாக விட்டு, மற்ற மூன்றையும் குழாய் வைத்து இறுக்கினான். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிர்மரை என்று அவனுக்குச் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரரே.

சமமில்லாமல் இறுக்கப்பட்ட டிரம் கோணும். லேத்தில் தனியாகப் பிடித்துக் கடையும்போது அது வட்டம். ஹப்பின்மேல் கோணலாக நெருக்கியவுடன் முட்டை. கழற்றி மறுபடியும் லேத்தில் வைத்தால் திரும்பவும் வட்டமாகவே தோன்றும். கடைபவர் “சிறிது எடுத்துவிட்டேன்” என்று கூலி வாங்கிக்கொள்வார். மாட்டினால் பழைய கதைதான். டிரம்மின் கனம் மட்டும் குறைந்திருக்கும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த வேண்டுமானால் ஒரே தடவையில் பல மாறுதல் செய்யக்கூடாது. ஐந்து நட்டுகளையும் தளர்த்தி, சக்கரம் தன்னிடத்தில் அமரும்படி கையால் இறுக்கி, பின்பு ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் சமமாக இறுக்கி, உராய்வுச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். நமது வண்டியில் உராய்வு பாதியாகக் குறைகிறது, முற்றிலும் மறையவில்லை. ஆகவே காரணம் ஒன்றுக்கு மேற்பட்டது. நீண்டுபோன ஸ்டட்டுகள் இருக்கும்வரை இறுக்கம் நிலையாது என்பதனால் அவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அதற்காகச் சக்கரமும் டிரம்மும் கழற்றப்படுகின்றன.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளேயிருக்கும் கருந்தூளை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார் சேர்ந்திருக்கும். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோய்களை உண்டாக்குவது மருத்துவர்களால் ஐயமற நிறுவப்பட்ட உண்மை. தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் புதைத்துவிடுவது நலம். குழந்தைகளை அருகில் விடவேண்டாம்.

டிரம்மின் உட்சுவர் பல செய்திகளைச் சொல்லும். எண்ணெய்ப் பசையும் லைனிங்கில் கருமையும் கண்டால் ஆயில் சீலோ வீல் சிலிண்டரோ கசிகிறது. பிரேக் திடீரென்று கவ்விப் பிடிப்பதும் ஒரு பக்கம் இழுப்பதும் இதனாலேயே. எண்ணெயில் ஊறிய லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவி மறுபடியும் போடுவது வீண் வேலை. நீலம் பாய்ந்த திட்டுக்கள் தெரிந்தால் அங்கே இரும்பு அதிக வெப்பத்தால் கடினப்பட்டிருக்கிறது. லேத்தின் வெட்டுளி அத்திட்டுக்களின்மேல் ஏறித் தாவுமாதலால், கடைந்தபின்னும் அவை மேடாகவே நிற்கும். அத்தகைய டிரம்மை மாற்றுவதே சிக்கனம். உதாரண வண்டியில் இவையொன்றும் இல்லை. ஆனால் டிரம் வந்து பொருந்தும் ஹப்பின் முகத்தில், ஒரு பக்கமாக, பொருக்குப் பொருக்காகத் துரு படிந்திருக்கிறது. டிரம்மைக் கடைந்தவர் ஹப்பின் முகத்தைத் துடைக்காமலே மாட்டியிருக்கிறார். கம்பித் தூரிகையால் அதைச் சுத்தம் செய்து, டிரம்மின் உள்முகத்தையும் அவ்வாறே துலக்கி, புது ஸ்டட்டுகளுடன் சமமாக இறுக்கிச் சோதிக்க, உராய்வு ஒலி சீராகிவிடுகிறது. டிரம்மில் குற்றமே இல்லை. இரண்டாம் முறை கடைந்திருந்தால் நல்ல டிரம் ஒன்று வீணாய் மெலிந்திருக்கும்.

எந்த டிரம்மையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கடையலாம் என்பது சிலரின் எண்ணம். ஒவ்வொரு டிரம்முக்கும் உச்ச விட்டம் ஒன்று உண்டு. அது டிரம்மிலேயே பொறிக்கப்பட்டோ கம்பெனிக் கையேட்டில் அச்சிடப்பட்டோ இருக்கும். அதற்குமேல் கடைந்த டிரம் வெப்பத்தைத் தாங்கும் கனமின்றி விரைவில் கோணும், வெடிக்கவும் கூடும். ஷூவின் வளைவும் அதனுடன் பொருந்தாது. லேத்துக்குக் கொடுக்குமுன் விட்டத்தை அளந்து எழுதித் தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெல் அளக்கும்போது மரக்காலைப் பார்க்கிறவர் இதையும் பார்க்கலாம்.

முதல் தடவை தோன்றிய உதறலுக்குக் காரணம் வேறு. அது கடற்கரை நிலத்துக்கே உரியது. உப்புக்காற்றில் பல நாள் அசையாமல் நிற்கும் வண்டியின் டிரம்மில், ஷூ மூடியிருக்கும் பகுதி ஒரு விதமாகவும் மூடப்படாத பகுதி வேறு விதமாகவும் துருப்பிடிக்கும். மறுபடி ஓட்டுகையில் துருவின் விளிம்புகளில் ஷூ தட்டும். சில நாள் துருவென்றால் நாலைந்து பிரேக்கில் தேய்ந்து மறைந்துபோகும். அதற்குப் பரிகாரம் தேடவேண்டியதில்லை. வாரக்கணக்கில் நின்றால் இரும்பு குழிந்துவிடும். அப்போது கடைசலைத் தவிர வழியில்லை. மண்டைக்காட்டில் கடலருகே நிற்கும் வண்டி, உள்நாட்டில் நிற்கும் வண்டியைவிட விரைவில் இந்நிலைக்கு வருகிறது. உழைப்பால் தேய்வதைவிட ஓய்வால் கெடுவதே இங்கே மிகுதி. எனவே தேங்காய் வெட்டு இல்லாத நாட்களிலும் வாரம் ஒருமுறை வண்டியை எடுத்து, பிரேக் சற்றுச் சூடேறும் வரையில் ஓட்டி நிறுத்த வேண்டும். கழுவியவுடன் ஈரத்தோடு நிறுத்திவிடுவது கூடாது. கேபிள் வழியாகப் பின் டிரம்மைப் பிடிக்கும் கை பிரேக் உள்ள வண்டிகளை நெடுநாள் நிறுத்துகையில், சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக்கை விடுவித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஷூ டிரம்முடன் ஒட்டிக்கொள்ளும். சர்க்கார் வண்டிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். அலுவலகத்து மரத்தடியில் மாதக்கணக்கில் நின்று, ஒருநாள் அவசரமாக வெளிக்கிளம்பும் வண்டியை விட நம்பத்தகாதது வேறில்லை.

முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். டிஸ்க் பிரேக் புதுமையான யந்திரம் என்று பலர் கருதினாலும், இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சுழலும் தட்டை இருபுறமும் பேட்டுகள் கவ்விப் பிடிப்பதே அதன் அமைப்பு. இதில் உதறல் கண்டால் “டிஸ்க் வளைந்துவிட்டது” என்பதே பட்டறைகளில் வழக்கமான தீர்ப்பு. உண்மையில் பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. அதன் கனம் இடத்துக்கிடம் வேறுபட்டுப்போகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே உதறலுக்குப் போதும். கண்ணால் இதைக் காண இயலாது, மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தே அறிய வேண்டும். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இங்கேயும் ஹப்பின் முகத்துத் துருதான் முதற்குற்றவாளி. ஒரு சிறு பொருக்கு இடையில் அகப்பட்டால் டிஸ்க் சிறிது சாய்ந்து பொருந்தும். ஹப்பின் ஓரத்தில் உண்டான சாய்வு, டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஏறக்குறைய இருமடங்காகிவிடும். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக்கிடாமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டைத் தடவிச் செல்லும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அவ்விடம் தேய்ந்து மெலிந்தோ, பேட்டின் பொருள் ஒட்டித் தடித்தோ போகும். அப்போதுதான் உதறல் தோன்றும். காரணம் ஒரு நாளில், காரியம் பல மாதம் கழித்து. அதனால்தான் இருவருக்கும் உள்ள உறவு எளிதில் புலப்படுவதில்லை. ஹப்பைத் துடைக்காமல் புது டிஸ்க் போட்டவர் அதே காலம் கழித்து அதே பட்டறைக்குத் திரும்பி வருவார்.

சூடான டிஸ்க்குடன் இறக்கத்தின் அடியில் வந்து மிதியை அழுத்தியபடியே நெடுநேரம் நிற்பதும் பேட்டின் பொருள் ஓரிடத்தில் ஒட்டக் காரணமாகும். சந்தை வாசலில் காத்திருக்கும்போது சமதளமாயின் மிதியை விட்டுவிடலாம்.

பழுது நீக்கியபின் புது லைனிங்கோ கடைந்த டிரம்மோ உள்ள வண்டியை அன்றே முழுச்சுமையுடன் அனுப்பலாகாது. காலியான சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை மிதமாகக் குறைத்து, இடையிடையே சிறிது தூரம் பிரேக்கிடாமல் ஓடவிட்டுக் குளிரச் செய்து, இருபது தடவையளவு இவ்வாறு பழக்க வேண்டும். இடையில் முழுதும் நிறுத்துவது கூடாது. மறுநாள் காலையில் சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். இடப்புறம் எதிர்மரையாயின், பஞ்சர் ஒட்டும் பையனும் பார்க்கும்படி, சக்கரத்தின் அருகே மட்காப்பின் உட்புறத்தில் “இடப்பக்க நட்டு எதிர்மரை” என்று வெள்ளை வர்ணத்தில் எழுதி வைத்துவிடலாம்.